பழைய மலைமிதிவண்டியும் பழமை நாட்டமும்

தோற்றுவாய்

பழம்பொருளின்மேல் மனிதர் கொள்ளும் பற்று இருவகைப்படும். பொருளின் விலையைப் பற்றி நிற்பது ஒன்று. பொருளோடு வாழ்ந்த வாழ்வைப் பற்றி நிற்பது மற்றொன்று. ‘யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்’ என்னும் பழமொழி முதல்வகைப் பொருளுக்கே பொருந்தும். புதிதாய் இருந்தபோதும் ஆயிரம் பொன் பெறாத, பழசான பின்னரும் ஆயிரம் பொன் பெறாத எளிய பொருள்கள் உலகில் மிகப்பல. அத்தகைய பொருள் ஒன்றனைச் சிலர் தேடிச் சென்று எடுத்து, துருவைத் துடைத்து, செப்பனிட்டுப் போற்றுவராயின், அப்பற்றின் காரணம் ஆராயத்தக்கதாகும்.

அமெரிக்காவிலும் ஐரோப்பிய நாடுகள் பலவற்றிலும் இன்று அத்தகைய பற்று ஒன்று பரவியுள்ளது. 1980களிலும் 1990களின் தொடக்கத்திலும் பெருந்தொகையாக விற்பனையான மலைமிதிவண்டிகளே அப்பற்றுக்கு உரிய பொருள். மவுண்டன் பைக் என்று உலகெங்கும் வழங்கும் அவ்வண்டிகளுள், போட்டிகளில் வென்றவற்றையும் பெருவிலைக்கு விற்றவற்றையும் ஈண்டுக் கருத வேண்டுவதில்லை. பள்ளி மாணவரும் அலுவலகம் செல்வோரும் வாங்கிய சாதாரண வண்டிகளே இங்கு ஆய்வுக்கு உரியவை. எஃகுச் சட்டகம், அதிர்ச்சி தாங்கும் அமைப்பு ஏதுமின்றி விறைப்பாக நிற்கும் முன் ஃபோர்க்கு, 26 அங்குலச் சக்கரங்கள், பருத்த டயர்கள், பெருவிரலால் தள்ளிக் கியர் மாற்றும் நெம்புகோல்கள் ஆகியவை அவற்றின் அடையாளங்கள். வீட்டுக் கொட்டகையின் மூலையிலும் பழம்பொருள் கடையிலும் தெருவோரக் குப்பைக் குவியலிலும் கிடந்த அவற்றை மீட்டெடுத்து மீண்டும் ஓட்டுவோர் இன்று பலராவர்.

இப்பழமை நாட்டம் வெறும் ஏக்கமா, அன்றி மதிக்கத்தக்க பண்பு ஒன்று அதனுள் அடங்கியுள்ளதா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

பிறப்பிலேயே மீட்பு

ஒரு பொருளின் மீதுள்ள பற்றை எடைபோட வேண்டுமாயின், அப்பொருள் பிறந்த கதையை முதற்கண் அறிதல் வேண்டும். மலைமிதிவண்டியின் கதை ஏனைய ஊர்திகளின் கதையினின்றும் வேறுபட்டது. அஃது ஆய்வுக்கூடத்தில் பிறக்கவில்லை, குப்பையிலிருந்து பிறந்தது.

அமெரிக்காவைப் பொருளாதார மந்தம் வாட்டிய காலத்தில், 1933ஆம் ஆண்டில், சிகாகோ நகரின் சுவின் நிறுவனம் 2.125 அங்குலப் பருமனுள்ள டயர் பூட்டிய மிதிவண்டியை விற்பனைக்குக் கொணர்ந்தது. கரடுமுரடான சாலைகளில் சிறுவர் ஏறி இறங்கினாலும் தாங்கும்படி அமைந்த கனத்த வண்டி அது. செய்தித்தாள் போடும் சிறுவர் பலருக்கு அத்தகைய வண்டியே துணையாயிற்று. காலம் மாறிற்று, மெல்லிய டயரும் பல கியர்களும் கொண்ட இலேசான வண்டிகள் வந்தன, கனத்த வண்டிகள் கொட்டகைகளில் ஒதுங்கின.

1970களில் கலிபோர்னியாவின் மரின் வட்டாரத்து இளைஞர் சிலர் அவற்றைத் தேடலாயினர். சான்பிரான்சிஸ்கோவிற்கு வடக்கே, ஏறத்தாழ 784 மீட்டர் உயரமுள்ள தமல்பாய்ஸ் மலையும் அதனைச் சூழ்ந்த குன்றுகளும் அவர்தம் விளையாட்டுக் களம். முப்பது நாற்பது ஆண்டுப் பழமையுடைய வண்டிகளைச் சில டாலர்களுக்கு வாங்கி, மட்கார்டு முதலிய மிகைகளைக் கழற்றி எறிந்து, மண்பாதைகளில் இறக்கத்தில் ஓட்டினர். அவ்வண்டிகளுக்கு அவர்கள் இட்ட பெயர் ‘கிளங்கர்’ என்பது. ‘ஓட்டை உடைசல்’ என்னும் தமிழ் வழக்கிற்கு அது நிகராகும்.

1976 அக்டோபர் 21ஆம் நாள், ஃபேர்ஃபாக்ஸ் என்னும் சிற்றூருக்கு அருகே அவர்கள் நடத்திய இறக்கப் போட்டி வரலாற்றில் இடம்பெற்றுவிட்டது. பாதையின் நீளம் மூன்றரைக் கிலோமீட்டருக்கும் குறைவு; இறக்கமோ ஏறத்தாழ 400 மீட்டர். மிதிகட்டையைப் பின்னோக்கி அழுத்தினால் பின்சக்கரத்தைப் பற்றும் பழைய பிரேக்கே அவ்வண்டிகள் பலவற்றில் இருந்தது. ஒருமுறை கீழே இறங்குவதற்குள் பிரேக்கின் சூட்டில் உள்ளிருந்த கிரீஸ் புகைந்து தீர்ந்துவிடும். மறுமுறை ஓட்டுமுன் புதிய கிரீஸை அடைத்தாக வேண்டும். ‘மீண்டும் அடைத்தல்’ எனப் பொருள்படும் ‘ரீபேக்’ என்ற பெயர் அப்பாதைக்கு வந்தது இதனாலேதான்.

பழைய சட்டகங்கள் இத்தகைய ஓட்டத்தைத் தாங்காமல் முறிந்தன. எனவே 1977ஆம் ஆண்டில் ஜோ பிரீஸ் என்பார் இப்பணிக்கென்றே புதிய சட்டகம் ஒன்றனை அமைத்தார். 1979இல் கேரி ஃபிஷரும் சார்லி கெல்லியும், டாம் ரிச்சி செய்தளித்த சட்டகங்களைக் கொண்டு, ‘மவுண்டன்பைக்ஸ்’ என்ற பெயரிலேயே ஒரு சிறு நிறுவனம் தொடங்கினர். அவர்தம் வண்டியின் விலை ஏறத்தாழ 1,300 டாலர். 1981இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனம் ஜப்பானில் செய்வித்து வெளியிட்ட ‘ஸ்டம்ப்ஜம்பர்’ ஏறத்தாழ 750 டாலருக்குக் கிடைத்தது. அதன்பின் விலை மேலும் இறங்கிப் பல நிறுவனங்களின் வண்டிகள் பொதுமக்கள் கைக்கு எட்டின.

இவ்வரலாற்றிலிருந்து பெறப்படும் உண்மை ஒன்றுண்டு. கைவிடப்பட்ட எளிய வண்டியை மீட்டெடுத்து ஓட்டுதல், மலைமிதிவண்டியின் வரலாற்றில் பிற்காலத்தே வந்து ஒட்டிக்கொண்ட பொழுதுபோக்கு எனல் பொருந்தாது. அதுவே அவ்வண்டியின் பிறப்பு. இன்று 1988ஆம் ஆண்டு வண்டியொன்றனைக் குப்பையிலிருந்து தூக்கி வருபவர், அன்று 1930களின் வண்டியைத் தூக்கி வந்தவர் செய்ததையே செய்கின்றார்.

எளியது எஞ்சியது

விலையுயர்ந்த பொருளே நெடுநாள் நிற்கும் என்பது பொதுவான நம்பிக்கை. மலைமிதிவண்டியைப் பொறுத்தவரை அந்நம்பிக்கை பலவிடத்தும் பொய்த்துள்ளது.

1989ஆம் ஆண்டு வாக்கில் ராக்ஷாக்ஸ் நிறுவனத்தின் அதிர்ச்சி தாங்கும் ஃபோர்க்கு வெளிவந்தது. 1990இல் கொலராடோ மாநிலத்தின் துராங்கோ நகரில் உலக வாகையர் போட்டி அதிகாரமுறையில் நடந்தது. 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டு இடம்பெற்றது. போட்டி பெருகப் பெருகப் புதுமையும் பெருகிற்று. 1990களின் ஃபோர்க்குகள் பலவற்றின் உள்ளே ரப்பரை ஒத்த எலாஸ்டோமர் துண்டுகள் வைக்கப்பட்டன. கரிநார்க் குழாய்களை அலுமினிய இணைப்புகளில் பசையால் ஒட்டிய சட்டகங்களும் விற்பனைக்கு வந்தன. அன்று அவை செல்வர் வாங்கும் வியப்புகள். இன்றோ எலாஸ்டோமர் இறுகியோ உதிர்ந்தோ போயிற்று. ஒட்டிய இணைப்புகள் பல விட்டுப்போயின. அவற்றுக்குரிய மாற்றுப் பாகம் கிடைத்தல் அரிது.

அதே காலத்து எளிய வண்டியின் நிலை வேறு. அதன் விறைத்த ஃபோர்க்கில் கெட்டுப்போவதற்கு எதுவுமில்லை. எஃகில் பிடித்த துரு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும், தேய்த்து அகற்றலாம், விரிசல் கண்டால் பற்றவைக்கலாம். நடு அச்சிலும் சக்கரங்களிலும் உள்ள எஃகுக் குண்டுகளைக் கழற்றிக் கழுவிப் புதுக் கிரீஸ் இட்டால் அவை மீண்டும் வழுக்கிச் சுழலும். பெருவிரல் நெம்புகோல்களுள் பல, படிப்படியாகத் தாவும் முறையினின்று உராய்வு முறைக்கு மாற்றிக்கொள்ளத்தக்கவை. ஆகவே எந்த நிறுவனத்தின் பல்சக்கரமாயினும் அவற்றுக்கு ஒத்துவரும். சிறப்பில்லாததே அவற்றின் சிறப்பாயிற்று.

மீட்பவருக்குப் பொறுமையைக் கற்பிக்கும் இடங்களும் உண்டு. அலுமினிய இருக்கைத் தண்டு எஃகுக் குழாயினுள் ஆண்டுக்கணக்கில் அசையாதிருந்தால், இரு உலோகங்களும் ஈரத்தில் வினைபுரிந்து ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்ளும். வலிந்து திருகினால் சட்டகம் கோணும். ஊடுருவும் எண்ணெயை விட்டு, ஒருநாள் காத்து, சிறிது திருகி, மீண்டும் எண்ணெய் விட்டுக் காத்தல் வேண்டும். விலைக்கு வாங்கும் பொருளில் இக்கல்வி கிடையாது. தாமே அவிழ்த்துப் பூட்டிய வண்டியின் உள்ளமைப்பை ஒருவர் மறப்பதில்லை; அது வழியில் நின்றாலும் அஞ்சுவதில்லை.

ஆயினும் வணிக உலகம் இவ்வண்டிகளுக்குத் துணைநிற்கவில்லை. 2010களின் நடுப்பகுதிக்குள் பெரிய நிறுவனங்கள் 27.5, 29 அங்குலச் சக்கரங்களுக்கு மாறின. பெரியோர்க்கான புதிய மலைமிதிவண்டிகளில் 26 அங்குலச் சக்கரம் அருகிப்போயிற்று. பெரிய சக்கரம் கற்களையும் வேர்களையும் எளிதில் கடக்கும் என்பது உண்மையே. ஆனால் சக்கரம் சிறிதாய்ப் போனதால் பழைய வண்டி ஓடாமற் போய்விடவில்லை. ‘பயனற்றது’ என்ற தீர்ப்பு வண்டியின் தேய்மானத்தால் வந்ததா, விற்பனைப் பட்டியல் மாறியதால் வந்ததா என்று கேட்கும் துணிவை இம்மீட்பாளர் காட்டுகின்றனர். இப்பற்றின் முதற் பெருமை இதுவாகும்.

ஏக்கமும் நன்றியும்

பழைய மலைமிதிவண்டியை நாடுவோர் அனைவரும் ஒரே நோக்கினர் அல்லர். இளமையில் விலைப்பட்டியலின் பக்கங்களில் பார்த்து ஏங்கிய வண்டியை, பொருள் சேர்ந்தபின் வாங்கிச் சுவரில் மாட்டுவோர் ஒருசாரார். இளமையில் தாம் உண்மையாகவே ஓட்டிய வண்டியை, அல்லது அதனை ஒத்த ஒன்றனை, தேடி எடுத்து மீண்டும் ஓட்டுவோர் மற்றொரு சாரார். முன்னவரை இயக்குவது கிடைக்காததன் ஏக்கம். பின்னவரை இயக்குவது கிடைத்ததன் நன்றி.

ஏக்கம் பொருளைக் கைப்பற்றியதும் நிறைவுறும். அதன்பின் வண்டி ஓட வேண்டுவதில்லை. ஓடினால் கீறல் விழும், விலை குறையும். நன்றியோ செயலை வேண்டி நிற்பது. பிறந்தநாள் பரிசாகத் தந்தை வாங்கித் தந்த வண்டி, பகுதிநேர வேலையில் சேர்த்த பணத்தில் முதன்முதல் வாங்கிய வண்டி, வீட்டாருக்குத் தெரியாமல் அடுத்த ஊர்வரை சென்று திரும்பிய வண்டி என இவற்றுக்குச் செய்யத்தக்க கைம்மாறு, அவற்றை மீண்டும் சாலையில் விடுதலே. செய்ந்நன்றியறிதலைத் தனி அதிகாரமாகவே வகுத்த மொழியின் மாணவர்க்கு இவ்வேறுபாடு விளங்காமற் போகாது.

ஏட்டுச்சுவடிகளைப் பெட்டியில் பூட்டிப் பொட்டிட்டுப் பூசித்தோரும் உண்டு. அவற்றை அவிழ்த்துப் படித்துப் படியெடுத்து அச்சேற்றியோரும் உண்டு. இருசாராரும் பழமையைப் போற்றியவரே. ஆனால் பழமை பிழைத்தது பின்னவர் கையில்தான்.

பழமை நாட்டத்தின் குறைகள்

திறனாய்வு என்பது புகழுரையோடு நின்றுவிடுதல் கூடாது. இப்பற்றில் காணும் குறைகள் மூன்று.

முதலாவது, ‘அந்நாளைய பொருள் எல்லாம் உறுதி’ என்னும் மயக்கம். இன்று கண்முன் நிற்பவை எஞ்சிய வண்டிகள் மட்டுமே. முறிந்தவையும் துருவேறி இற்றவையும் என்றோ உருக்கப்பட்டுவிட்டன. எஞ்சியவற்றைக் கொண்டு எல்லாவற்றையும் அளத்தல் பிழை. மேலும், மலிவான பழைய வண்டிகள் பலவற்றின் சக்கர வளையம் முலாம் பூசிய எஃகால் ஆனது. மழையில் நனைந்தால் பிரேக்குக் கட்டை அதன்மேல் வழுக்கும்; வண்டி நினைத்த இடத்தில் நிற்காது. இன்றைய தட்டு பிரேக்கு இவ்வகையில் ஐயமின்றி மேலானது. உண்மையான பற்றுடையவர் இதனை மறைப்பதில்லை. எஃகு வளையத்தை அலுமினிய வளையமாக மாற்றி, பிரேக்குக் கட்டையையும் கம்பியையும் புதுப்பித்த பின்னரே மலையில் இறங்குகின்றனர். அன்பு கண்ணை மறைக்குமாயின் அஃது ஓட்டுபவரைக் கீழே தள்ளிவிடும்.

இரண்டாவது, வரலாற்றைச் சில தலைவர்களின் கதையாகச் சுருக்குதல். 2006இல் வெளிவந்த ‘கிளங்கர்ஸ்’ என்னும் ஆவணப்படமும், சார்லி கெல்லி 2014இல் வெளியிட்ட ‘ஃபேட் டயர் ஃபிளையர்’ என்னும் நூலும் மரின் வட்டாரத்துக் கதையைப் பங்கேற்றோர் வாயிலாகவே பதிவு செய்தன, அப்பணி பாராட்டுக்குரியது. அக்காலத்தைக் கண்முன் நிறுத்துபவை வெண்டி கிராக் என்னும் பெண்மணி எடுத்த படங்கள். அவரும் அப்பாதையில் வண்டி ஓட்டியவரே. நீலக் கால்சட்டையும் கட்டம் போட்ட சட்டையும் தொழிலாளர் காலணியுமாக, புழுதி படிந்த முகத்தோடு நிற்கும் இளைஞரை அப்படங்களில் காணலாம். ஆயினும் கதை அவ்வோரிடத்தோடு முடிவதில்லை. 1974ஆம் ஆண்டிலேயே கூப்பர்டினோ ஊர் இளைஞர் சிலர் கியர் பூட்டிய பருத்த டயர் வண்டிகளோடு ஒரு போட்டிக்கு வந்திருந்தனர். 1976இல் கொலராடோவின் கிரெஸ்டட் பியூட் ஊரினர் பழைய வண்டிகளோடு பெர்ல் கணவாயைக் கடந்து ஆஸ்பென் சென்றனர். ஆற்றுக்குக் கிளையூற்று பல. ஒன்றனை மட்டும் மூலம் என்று வணங்குவது வரலாறாகாது.

மூன்றாவது குறையே பெரிது. ஓட்டியவரை நினைக்கும் பழமை நாட்டம், செய்தவரை நினைப்பதில்லை. சிகாகோவில் சுவின் தொழிலாளர் 1980இல் வேலைநிறுத்தம் செய்தனர். அந்நகரத் தொழிற்சாலை 1983இல் மூடப்பட்டது. வேலை தைவானுக்குப் பெயர்ந்தது. 1972இல் தோன்றிய ஜயண்ட் நிறுவனம் சுவினுக்காகப் பெருந்தொகையாக வண்டி செய்து வளர்ந்தது. 1992இல் சுவின் திவாலாயிற்று. ஒரு காலத்தில் அமெரிக்கச் சிறுவரின் கனவாய் இருந்த பெயர், வேறொரு நாட்டின் உலைக்களத்தில் பற்றவைக்கப்பட்ட குழாய்களின்மேல் ஒட்டப்பட்ட தாளாக மாறிற்று.

மீட்கப்படும் எளிய வண்டிகள் பலவற்றின் இருக்கைக் குழாயில் ‘தைவானில் செய்யப்பட்டது’ என்றோ ‘ஜப்பானில் செய்யப்பட்டது’ என்றோ ஒரு சிறு ஒட்டுத்தாள் இருக்கும். நிறுவனத்தின் பெயர்த்தாளைச் சிதையாமல் காப்பவர், சில வேளை இச்சிறு தாளை அழுக்கோடு சேர்த்துத் தேய்த்துவிடுகின்றார். ஆயினும் முப்பது நாற்பது ஆண்டுகளாக முறியாமல் நிற்பது அப்பெயர் அன்று. பெயர் அறியப்படாத ஒரு தொழிலாளி இட்ட பற்றவைப்பு. நன்றி என்று சொல்வதாயின், அந்நன்றியில் பெரும்பங்கு அக்கைகளுக்கு உரியது. உழைப்பவர் பெயர் பொருளின்மேல் எழுதப்படுவதில்லை என்பதை அறிந்த சமுதாயத்தினர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இம்மூன்று குறைகளோடு ஓர் இடரும் உண்டு. எளிமையே நாகரிகமாகிவிடுமாயின் எளிய பொருளின் விலையும் ஏறும். வேலைக்குச் செல்லப் பழைய வண்டி ஒன்றனைக் குறைந்த விலையில் தேடும் ஏழைக்கு எட்டாத உயரத்திற்கு அதனைத் தூக்கிவிடுதல், அதனை மீட்டதாகாது.

ஓட்டமே உரைகல்

பொன்னை உரைத்துப் பார்க்க ஒரு கல் வேண்டும். பழமை நாட்டத்தை உரைத்துப் பார்க்கும் கல் யாது? அப்பொருள் தன் பணியை மீண்டும் செய்கின்றதா என்னும் வினாவே அது.

ஃபேர்ஃபாக்ஸ் ஊரில் 2015ஆம் ஆண்டு மிதிவண்டி அருங்காட்சியகம் ஒன்று திறக்கப்பட்டது. ஸ்டம்ப்ஜம்பர் வண்டியொன்று வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத் தொகுப்பிலும் சேர்ந்துள்ளது. முன்னோடி வண்டிகள் அங்கே காக்கப்படுதல் முறையே. அவை சான்றுகள், வரலாற்று மாணவர்க்குப் பாடநூல்கள். ஆனால் இலட்சக்கணக்கில் செய்யப்பட்ட சாதாரண வண்டிகளுக்குக் கண்ணாடிப் பேழை தேவையில்லை. அவற்றுக்கு வேண்டியது பாதை.

விறைத்த ஃபோர்க்குள்ள வண்டியில் மலைப்பாதை இறங்குபவர் மெதுவாகவே இறங்க வேண்டும். ஒவ்வொரு கல்லும் உள்ளங்கையில் தெரியும். எந்த வேரின்மேல் ஏறுவது, எதனைச் சுற்றிச் செல்வது என்று கண் முன்கூட்டியே தேர்ந்தாக வேண்டும். இருபது கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போதே அறுபதில் செல்வது போன்ற விறுவிறுப்பு அதில் உண்டு. ஊர்தி வல்லதாக ஆக, அதே கிளர்ச்சியைப் பெற மேலும் கடினமான பாதை வேண்டியதாகிறது. எளிய வண்டியோ வீட்டின் பின்புறத்துக் குன்றையே பெருமலை ஆக்கித் தருகின்றது. இளமையில் அக்குன்று பெரிதாய்த் தோன்றியது குழந்தைக் கண்ணின் மயக்கத்தால் மட்டும் அன்று. ஊர்தியும் அதற்கு ஒரு காரணம் என்பதை மீண்டும் ஓட்டியவரே அறிவர். இழந்த இளமை திரும்புவதில்லை. ஆயினும் இளமை தந்த கவனம் திரும்புகின்றது. இப்பற்றின் உண்மையான ஊதியம் அக்கவனமேயாகும்.

நிறைவுரை

மேற்கூறியவற்றால் சில முடிவுகள் பெறப்படும். எளிய பழைய மலைமிதிவண்டியை மீட்டு ஓட்டுதல், அவ்வண்டியின் பிறப்பிலேயே அமைந்த மரபு. எளிமையால்தான் அது எஞ்சியது. எளிமையால்தான் சாதாரண மனிதரின் கைக்கு அடங்குகின்றது. சுவரில் மாட்டப்படும்போது ஏக்கமாய்த் தேங்கும் பழமை நாட்டம், ஓட்டப்படும்போது நன்றியாய் உயர்கின்றது. அந்நன்றி தன் இளமையோடு நின்றுவிடாது, பொருளைச் செய்த முகமறியாத கைகள்வரை செல்லுமாயின் முழுமை பெறும்.

பழமையைப் பற்றி ஓயாது பேசும் சமுதாயங்களுக்கு இச்சிறு பொருள் ஒரு பாடம் வைத்திருக்கிறது. பழையது எதனையும் எடுத்துப் போற்றுமுன், ‘இதனை அவிழ்த்துப் பார்த்ததுண்டா? தேய்ந்த பாகத்தை மாற்றியதுண்டா? இளையோர் கையில் கொடுத்து ஓட்டிப் பார்க்கச் சொன்னதுண்டா?’ என்று கேட்டுக்கொள்ளலாம். செப்பனிட்ட வண்டியை அண்டை வீட்டுச் சிறுவனிடம் ஒப்படைத்து, அவன் அதில் விழுந்து எழுந்து புதிய கீறல்களை உண்டாக்குவதைப் பார்த்து மகிழ்பவரே உண்மையில் அவ்வண்டியை மீட்டவராவர்.